கிணற்றில் தொடங்கும் கடல்

கேள்வி: தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். கடல் ஆய்வாளர் ஒருவர், நீருக்கடியில் செல்லும் ரோபோவைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுத்து ஓட்ட வைக்கும் காணொளி ஒன்றை வகுப்பில் போட்டுக் காட்டினேன். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. “மிஸ், நாமும் இதைச் செய்யலாமா?” என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னமும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இவர்களில் பலர் கடலையே பார்த்ததில்லை. “கடலில்லாத மாவட்டத்துக்குக் கடல் ரோபோ எதற்கு? அந்த நேரத்தில் பாடத்தை முடிக்கலாமே” என்கிறார்கள் சக ஆசிரியர்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இது உண்மையிலேயே பயன்படுமா? பயன்படும் என்றால், பெரிய பணவசதி இல்லாத பள்ளி எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பயன்படும். நீங்கள் செய்யவும் முடியும். ஆனால் ரோபோவிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிய ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். ரோபோ அந்தக் கேள்விக்கு விடை தேடும் கருவியாக வரட்டும். இந்த வரிசை மாறினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இயந்திரமும் ஒருநாள் வேடிக்கையோடு அலமாரிக்குப் போய்விடும்.

உங்கள் சக ஆசிரியர்களின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். தருமபுரியிலிருந்து கிழக்குக் கடற்கரை நேர்கோட்டில் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். ஆனால் உங்கள் மாவட்டத்தில் பெய்யும் மழை இரண்டு வழியாகக் கடலுக்குப் போகிறது. ஒகேனக்கல்லைத் தாண்டும் காவிரி மேட்டூர் வழியாகப் பூம்புகாரை நோக்கிச் செல்கிறது. அரூர்ப் பக்கம் ஓடும் தென்பெண்ணை, வாணியாற்றையும் சேர்த்துக்கொண்டு சாத்தனூர் வழியாகக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. ஆற்றோடு போகும் உப்பும் சத்தும் வண்டலும் வங்கக் கடலின் உயிர்களுக்குத் தீனி. ஆற்றில் வீசும் பிளாஸ்டிக்கும் அதே வழியில்தான் போகிறது. கடலுக்கும் தருமபுரிக்கும் தொடர்பில்லை என்ற எண்ணத்தை, இந்த இரண்டு ஆறுகளின் வழியைக் காட்டும் ஒரு வரைபடமே மாற்றிவிடும்.

பாடத்தை முடிக்க வேண்டும் என்பதும் சரியான கவலைதான். ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடம் இருக்கிறது: அழுத்தம், மிதப்பு விசை, ஆர்க்கிமிடிஸ் தத்துவம். பத்தாம் வகுப்பில் மின்னோட்டமும் ஓம் விதியும் வருகின்றன. நீருக்கடியில் நீந்தும் ஓர் எளிய இயந்திரத்தைச் செய்ய முனையும் பிள்ளை இவை எல்லாவற்றையும் கையால் தொட்டுத்தான் ஆகவேண்டும். இதற்கென்று தனி நேரம் தேட வேண்டியதில்லை, அந்தப் பாடங்களின் நேரத்திலேயே செய்யலாம்.

பாலைவனத்துப் பிள்ளைகள் செய்தது

நீருக்கடியில் செல்லும் ரோபோ மாணவர்களிடம் வந்த கதை ஒரு கடல் ஆய்வாளரிடமிருந்து தொடங்குகிறது. 1985 செப்டம்பரில் அட்லாண்டிக் கடலின் அடியில் டைட்டானிக் கப்பலைக் கண்டுபிடித்த குழுவில் அமெரிக்கக் கடல் புவியியலாளர் ராபர்ட் பல்லார்டு இருந்தார். ‘அடுத்த முறை நாங்களும் வரலாமா?’ என்று பள்ளிப் பிள்ளைகள் அவருக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். அத்தனை பேரையும் கப்பலில் ஏற்ற முடியாது. அதனால் அவர் கடலடியைப் பிள்ளைகளிடம் கொண்டுபோனார். 1989இல் தொடங்கிய ஜேசன் திட்டத்தில், மத்தியத்தரைக் கடலுக்கு அடியில் ரோபோவின் கேமரா கண்ட காட்சிகள் செயற்கைக்கோள் வழியே அருங்காட்சியகங்களில் கூடியிருந்த மாணவர்களுக்கு நேரலையாக வந்தன. அடுத்த ஆண்டு அந்தத் திட்டம் கடலுக்குப் போகவில்லை. வட அமெரிக்காவின் ஒன்டாரியோ என்னும் நன்னீர் ஏரிக்குள், 1813இல் மூழ்கிய இரண்டு போர்க்கப்பல்களைப் பார்க்கப் போனது. கடல் ஆய்வாளருக்கு ஏரியும் ஆய்வுக்களம்தான்.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான கதை 2004இல் நடந்தது. அமெரிக்காவில் பாலைவனத்தின் நடுவே இருக்கும் ஃபீனிக்ஸ் நகரத்தின் கார்ல் ஹேடன் அரசுப் பள்ளியிலிருந்து நான்கு மாணவர்கள் நீரடி ரோபோ போட்டி ஒன்றுக்குப் போனார்கள். நால்வரும் மெக்சிகோவிலிருந்து வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுடைய இயந்திரம் பி.வி.சி. குழாயால் ஆனது, ஏறத்தாழ 800 டாலரில் முடிந்தது. குழாய் ஒட்டும் பசை நாற்றத்தால் அதற்கு ‘ஸ்டிங்கி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மின்சுற்று இருந்த பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தபோது, பெண்கள் மாதவிடாய்க் காலத்தில் பயன்படுத்தும் டாம்பான்களை வாங்கி உள்ளே வைத்து ஈரத்தை உறிஞ்ச வைத்தார்கள். அந்தப் போட்டியில் அவர்கள் முதலிடம் பெற்றார்கள். உலகப் புகழ் பெற்ற எம்.ஐ.டி. பல்கலைக்கழக அணி இரண்டாம் இடத்தில் நின்றது.

கசிவு வந்தபோது அவர்கள் பயந்து நிற்காததற்குக் காரணம், ஒவ்வொரு துண்டையும் தாங்களே செய்திருந்தார்கள் என்பதுதான். எது எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். கடையில் வாங்கிய ரோபோவை ஓட்டிப் பழகிய பிள்ளைக்கு இந்தத் தெளிவு கிடைக்காது.

பள்ளிக்கரணையும் பென்னாகரமும்

நம் தமிழ்நாட்டிலேயே இந்தத் துறையின் முக்கியமான நிறுவனம் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமாக என்.ஐ.ஓ.டி., 1993இல் தொடங்கப்பட்டது. அங்கே உருவான ‘ரோசப் 6000’ என்னும் ஆளில்லா ஊர்தி 2010இல் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழம்வரை இறங்கியது. அங்கே செய்த இன்னொரு ஊர்தி 2015இல் அண்டார்டிகாவின் பனிக்கு அடியில் நீந்தியது. இப்போது ‘சமுத்ரயான்’ திட்டத்தில் மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் ‘மத்ஸ்யா 6000’ உருவாகிறது. அதன் துறைமுகச் சோதனைகள் 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளியில் நடந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்த நிறுவனத்தின் விஞ்ஞானி ராஜு ரமேஷ், பிரான்சின் நாட்டீல் என்னும் நீர்மூழ்கியில் அட்லாண்டிக் கடலில் நாலாயிரம் மீட்டருக்கும் கீழே போய் வந்தார்.

அந்த ஆழத்தில் அவர்களுக்கு வரும் சிக்கல்கள்தாம் உங்கள் பள்ளித் தண்ணீர்த் தொட்டியிலும் வரும், அளவில் மட்டும்தான் வேறுபாடு. நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 6,000 மீட்டரில் அது ஏறத்தாழ 600 மடங்கு, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 600 கிலோ எடை உட்கார்ந்திருப்பதற்குச் சமம். அதனால்தான் மத்ஸ்யாவில் ஆட்கள் இருக்கும் கோளத்தை 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியத்தில் செய்கிறார்கள். இதைத் தருமபுரிக் கிணற்றிலேயே பார்க்கலாம். மூடி இறுக்கிய காலித் தண்ணீர் பாட்டிலைக் கல்லோடு சேர்த்துக் கட்டி இறக்குங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே 10 மீட்டர் போனால் உள்ளே இருக்கும் காற்று பாதி இடத்துக்கு ஒடுங்கி, பாட்டில் நசுங்கும். மேலே இழுத்தால் மீண்டும் பெருத்துவிடும். நசுங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கேமராவும் கூட இறங்க வேண்டும். ரோபோ எதற்கு என்று பிள்ளைகளுக்கு அப்போது நீங்கள் சொல்லித்தர வேண்டியிருக்காது.

இரண்டாவது மிதப்பு. நீருக்கடியில் செல்லும் ஊர்தி மிதக்கவும் கூடாது, மூழ்கவும் கூடாது, விட்ட இடத்தில் நிற்க வேண்டும். அதற்காக மேலே மிதவையும் கீழே எடையும் வைத்துக் கிராம் கிராமாகச் சரிசெய்ய வேண்டும். நன்னீரைவிடக் கடல்நீர் இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. உங்கள் தொட்டியில் சரியாக நிற்கும் இரண்டு கிலோ இயந்திரத்தை வங்கக் கடலில் விட்டால் மேலே வந்துவிடும். அங்கே இன்னும் 50 கிராம் எடை சேர்க்க வேண்டும். ஒரு டப்பில் 20 லிட்டர் தண்ணீர் ஊற்றி 700 கிராம் கல்லுப்பைக் கரையுங்கள், ஏறத்தாழக் கடல்நீரின் உப்பளவு வந்துவிடும். மணல் நிரப்பிய சின்னப் புட்டி ஒன்றை நன்னீரில் சரியாக நிற்கும்படி செய்து, பிறகு இதில் போட்டுப் பார்க்கட்டும். கடலைப் பார்க்காத பிள்ளைகள் கடலைக் கணக்கிட முடியும் என்பதற்கு இது நல்ல சோதனை.

மூன்றாவது தொடர்பு. ரேடியோ அலைகளைத் தண்ணீர் விரைவில் விழுங்கிவிடும். வைஃபை, புளூடூத், ஜி.பி.எஸ். எதுவும் ஆழத்தில் வேலை செய்யாது. ஆகவே ஒன்று கேபிளால் கட்டி ஓட்ட வேண்டும், இல்லையென்றால் ஒலியால் பேச வேண்டும். காற்றில் வினாடிக்கு 340 மீட்டர் செல்லும் ஒலி, நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது.

நான்காவது ஒளி. தண்ணீருக்குள் சிவப்பு நிறம் முதலில் மறைகிறது. ஆயிரம் மீட்டருக்குக் கீழே சூரிய ஒளியே கிடையாது. உங்கள் அணைக்கட்டுகளில் கலங்கல் காரணமாக ஒளி சில அடிகளிலேயே மங்கிவிடும். அந்தக் கலங்கலை அளக்க ரோபோகூட வேண்டாம். 1865இல் ஏஞ்சலோ செக்கி என்ற இத்தாலிய அறிஞர் மத்தியத்தரைக் கடலில் செய்ததுபோல், வெள்ளை வட்டத் தகட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று குறித்தால் போதும். ஏரிகளுக்குக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசிய 20 சென்டிமீட்டர் தகடு வழக்கம். பெயின்ட் டப்பா மூடி இதற்குப் போதும். உங்கள் பிள்ளைகளின் முதல் கடலியல் கருவி இதுவாக இருக்கட்டும்.

உங்கள் ஊரில் கேட்க வேண்டிய கேள்விகள்

தருமபுரியின் தரைக்கு மேல் இருப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். தண்ணீருக்குள் இருப்பதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. தொப்பையாறு, சின்னாறு, வாணியாறு, நாகாவதி என்று எத்தனை அணைகள்! மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேல்பகுதி ஏரியூர், நாகமரை வரை உங்கள் வட்டத்துக்குள் நீள்கிறது. 1934இல் அந்த அணை கட்டி முடிந்து நீர் தேங்கியபோது பல ஊர்கள் மூழ்கின. நாகமரைக்கு எதிரே பண்ணவாடியில் நீர்மட்டம் தாழும்போது பழைய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பல்லார்டு ஒன்டாரியோ ஏரியில் பார்த்ததைப் போன்ற ஒரு வரலாறு உங்கள் பிள்ளைகளின் பாட்டி, தாத்தா கேட்டு வளர்ந்த கதைகளில் இருக்கிறது. மூழ்கிய ஊர்களின் பெயர்களை முதலில் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.

ஒகேனக்கல் பரிசல் ஓட்டிகளில் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். எங்கே மடு, எங்கே சுழி, எந்த மாதத்தில் எந்த மீன் எங்கே ஒதுங்கும் என்பதையெல்லாம் அவர்கள் கருவியில்லாமல் அறிவார்கள். காவிரியில் அருகிவரும் மகசீர் மீன் பற்றி அவர்களிடம் கேட்கலாம். ஆய்வாளர் எவரும் களத்துக்குப் போகும்முன் செய்யும் வேலை இது.

இன்னொரு கேள்வி வெப்பநிலை. கோடையில் நீர்த்தேக்கத்தின் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிர்ச்சியாகவும் இருக்கும். இரண்டும் கலக்காமல் நிற்கும்போது அடியில் ஆக்சிஜன் குறையும், மீன்களுக்கு அது ஆபத்து. நீர் புகாத டிஜிட்டல் வெப்பநிலை உணரி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுப் பலகையோடு இணைத்துக் கேபிளில் கட்டி, அரை மீட்டருக்கு ஒரு முறை அளந்தால் ஆழமும் வெப்பநிலையும் சேர்ந்த ஒரு வரைபடம் வரும். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் பத்து நாளைக்கு ஒரு முறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து ஏறிவந்து தருவதும் இதே மாதிரியான வரைபடம்தான், அவை உப்பளவையும் சேர்த்துத் தருகின்றன. அந்தத் தரவு யாருக்கும் இலவசம். இந்தியாவுக்கான பணியை ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் செய்கிறது. பிள்ளைகள் தங்கள் நீர்த்தேக்க வரைபடத்தையும் வங்கக் கடலின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடட்டும்.

உங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் மிகுந்திருக்கும் ஃபுளோரைடு பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பள்ளி ரோபோவால் ஃபுளோரைடை அளக்க முடியாது. ஆனால் வெவ்வேறு ஆழத்திலிருந்து நீர் மாதிரியை எடுத்துவர முடியும், அந்த மாதிரிகளைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுக்கலாம். கருவியால் முடிவது எது, முடியாதது எது என்று பிரித்தறிவதும் அறிவியல் கல்விதான்.

செய்முறையும் எச்சரிக்கையும்

ரோபோவின் சட்டகத்துக்கு அரை இஞ்ச் பி.வி.சி. குழாய், எல்போ, டீ. ஓடுவதற்கு மூன்று 12 வோல்ட் டி.சி. மோட்டார்: இரண்டு முன்னும் பின்னும் போகவும் திரும்பவும், ஒன்று மேலும் கீழும் போவதற்கு. பொம்மைப் படகு விசிறிகள் போதும். மோட்டாரைச் சின்ன மருந்து டப்பாவுக்குள் வைத்து உருக்கிய மெழுகு ஊற்றி அடைத்தால் சில மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் புகாது. மின்சாரத்துக்குப் பைக் பேட்டரி, கேபிளுக்கு இணையக் கம்பி, திசை மாற்ற இருமுனைச் சுவிட்சுகள், பார்வைக்குக் கார் ரிவர்ஸ் கேமரா. கம்பி நீண்டால் மோட்டார் சோர்ந்துபோகும். ஏன் என்று கேட்கும்போது ஓம் விதியை எடுங்கள்.

அரசுப் பள்ளிகளில் செய்முறை அறிவியலுக்காக இருக்கும் வானவில் மன்றத்தின் கருத்தாளரிடம் உதவி கேளுங்கள். பக்கத்துப் பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருந்தால் சால்டரிங் வேலையை அங்கே செய்யலாம். செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரி மாணவர்களையும் துணைக்கு அழையுங்கள். கல்லூரி மாணவர்களுக்கான தானியங்கி நீர்மூழ்கிப் போட்டியை என்.ஐ.ஓ.டி. நடத்தியிருக்கிறது, அவர்களுக்கும் இது பயிற்சியாகும்.

பாதுகாப்பில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். டி.சி. மோட்டாருக்குப் பதிலாக, வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஏர்கூலர் பம்ப்பை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. பேட்டரிக்கு அருகே ஃபியூஸ் கட்டாயம். பயிற்சி முழுவதும் பள்ளியின் சிமென்ட் தொட்டியில் நடக்கட்டும். கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றுப் பக்கம் பிள்ளைகளை விடவே கூடாது. சுவர் இருந்தாலும் கயிற்றைப் பெரியவர்களே பிடிக்க வேண்டும். கருவி சிக்கிக்கொண்டால் விட்டுவிடுங்கள், எடுக்க யாரும் இறங்கக் கூடாது. அணையில் இறக்குவதற்கு நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். ஒகேனக்கல் ஆற்றில் நீரோட்டமும் முதலைகளும் உண்டு, அங்கே வேண்டவே வேண்டாம்.

வேலையைப் பிரிக்கும்போது ஓட்டுபவர், கேபிள் பிடிப்பவர், குறிப்பெழுதுபவர், பழுது பார்ப்பவர் என்று நால்வர் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு வாரமும் பொறுப்பை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பையன்கள் ஓட்டுவார்கள், பெண்பிள்ளைகள் குறிப்பெழுதுவார்கள். அதை நீங்கள்தான் தடுக்க முடியும்.

இதில் ஆர்வம் பிடிக்கும் பிள்ளைக்குப் படிப்பும் இருக்கிறது: சென்னை ஐ.ஐ.டி.யில் பெருங்கடல் பொறியியல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் உயராய்வு மையம், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம். வேலை கடற்கரையில் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த பிளானிஸ் டெக்னாலஜீஸ் போன்ற நிறுவனங்கள் இதே வகை ரோபோக்களால் அணைகளையும் பாலத் தூண்களையும் சோதிக்கின்றன. அணைகள் நிறைந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் நாளே ஒரு பதிவேடு போடுங்கள். தேதி, இடம், நீர்மட்டம், தகடு மறைந்த ஆழம், ஒவ்வொரு ஆழத்திலும் வெப்பநிலை, அளந்தவர் பெயர். மாதம் ஒரு முறை அதே இடத்தில் அளந்தால் போதும். ரோபோ பழுதாகி நின்ற மாதத்திலும் கயிறும் தகடும் கொண்டு பதிவு நடக்கட்டும். பத்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்கள் எட்டாம் வகுப்புக்கு அதைக் கையளிக்கட்டும். சில ஆண்டுகளில், அந்த நீர்நிலையைப் பற்றி வேறு யாரிடமும் இல்லாத தகவல் உங்கள் பள்ளியிடம் இருக்கும். மீன்வளத் துறையும் பல்கலைக்கழக ஆய்வாளரும் உங்களிடம் கேட்டு வாங்கும் தகவல் அது. அந்தப் பதிவேட்டில் பெயர் எழுதிய ஒவ்வொரு பிள்ளையும் ஆய்வு செய்தவர்தான், கடலைப் பார்த்திருந்தாலும் பார்க்காவிட்டாலும்.